கன்னி மூலையில் ஸ்டார்ட் பட்டன்

செல்லாண்டியம்மன் போர்வெல்ஸ் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரத்திலேயே இரண்டு போர் புகையாகப் போனது. புகை என்றால் இந்தத் தொழிலில் தண்ணீர் இல்லை என்று பொருள். எத்தனை அடி இறக்கினாலும் ஈரம் காணாமல், வெறும் கல்மாவு மட்டும் காடெல்லாம் பறந்து, நிலத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறாரே, அதற்குப் பெயர் புகை. மல்லசமுத்திரம் பக்கம் பூமிக்கு அடியில் தண்ணீர் வற்றிப்போய்க் காலமாகிவிட்டது. இது ஆடு மேய்க்கிறவருக்கும் தெரியும், ஆட்டுக்கும் தெரியும். ஆனால் ஓனர் சின்னண்ணன் இப்படிப்பட்ட சாதாரணக் காரணங்களை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அவர் கணக்குப் பார்க்கும் சரிதாவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, புதுக் கம்ப்யூட்டரை உற்று உற்றுப் பார்த்தார்.

"அம்மிணி, இந்த ஸ்டார்ட் பட்டன் எதுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்குது?"

"புது வெர்சன்ல அப்படித்தானுங்ணா வருது. பழசுல இடது பக்கம் ஓரத்துல இருந்துச்சுங்க."

"இடது பக்கம். கீழ் ஓரம்." சின்னண்ணன் காற்றில் விரலால் ஒரு சதுரம் போட்டார். போட்ட விரல் பாதியில் நின்றுவிட்டது. "மேல வடக்குன்னா, கீழ் இடது தெக்கு மேக்கு. கன்னி மூலையல்லோ அது! கன்னி மூலைல இருந்தத நடுவுல தூக்கி வெச்சிருக்கறானுங்களே, படுபாவிக. பிரம்மஸ்தானத்துல பாரத்த ஏத்துனா தொழில் எப்படி நடக்கும்? செரி, கன்னி மூலைல இப்ப என்ன இருக்குது?"

சரிதா குனிந்து பார்த்தாள். திரையின் அடியில் ஓடுகிற டாஸ்க்பார் பட்டையின் இடது ஓரத்தில் மஞ்சளாக ஒரு சூரியன் படமும், பக்கத்தில் அன்றைய சூடு எவ்வளவு என்கிற எண்ணும் இருந்தன.

"வெயிலுங்ணா."

"என்ற கம்ப்யூட்டர்ல கன்னி மூலைல வெயில் அடிக்குதா!" சின்னண்ணன் நெஞ்சில் கை வைத்தார். "போர் புகையாப் போகாம என்ன பண்ணும்?"

"ரெண்டு அமுக்கு அமுக்குனா ஸ்டார்ட் பழையபடி ஓரத்துக்கு வந்துருமுங்ணா. வெயிலையும் எடுத்துரலாம். இப்பவே மாத்தட்டுங்களா?"

"தொடாத! இதெல்லாம் நீயும் நானும் கை வெக்கற காரியமில்ல. முறையாப் பாக்கறவங்கள வெச்சுத்தான் பண்ணோணும்."

சின்னண்ணனின் வாஸ்து பக்தியைத் தெரிந்துகொள்ள அந்த ஆபீசை ஒரு தடவை பார்த்தால் போதும். அதன் வாசல் இதுவரை மூன்று பக்கம் இடம் மாறியிருக்கிறது. இப்போது உள்ளே வருகிறவர், ஜெனரேட்டர் அறையைச் சுற்றி, கேசிங் பைப் அடுக்கின் இடுக்கில் ஒருக்களித்து நுழைந்து, கக்கூசைத் தாண்டித்தான் சாமி படத்தைப் பார்க்க முடியும். தெற்குச் சுவரில் இருந்த கடிகாரத்தை எமன் திசை என்று கழற்றினார்கள். பிறகு அதை மாட்ட நல்ல சுவரே கிடைக்காமல் அது பீரோவுக்குள் படுத்துக்கொண்டு, யாருக்கும் பயன்படாத நேரத்தை டிக்டிக்கென்று சொல்லிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு செய்தும் கம்ப்யூட்டருக்குள் நான்கு மூலை இருப்பது இத்தனை நாளும் அவர் கண்ணில் படவில்லை. இப்போது பட்டுவிட்டது. இனி யார் சொல்லிக் கேட்பார்!

சரிதாவுக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம்தான். வேறு சமயமாக இருந்தால் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் நடித்துக் காட்டிச் சிரித்திருப்பாள். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஒரு டெண்டர் இருந்தது. சுற்றுப்பட்டு ஊராட்சிகளுக்கெல்லாம் குடிதண்ணீர் போர் போடுகிற டெண்டர். வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குள் அதை அரசாங்கத்தின் தளத்தில் ஏற்றிவிட வேண்டும். அது கிடைத்தால் அவள் புருஷன் ஊருக்கு வருவான். கிடைக்காவிட்டால் வரமாட்டான். அவளுக்கு விஷயம் அவ்வளவுதான்.

புருஷன் பூபதி இதே கம்பெனியில் போர் போடுகிற மூன்றாம் நம்பர் ரிக் வண்டிக்கு டிரைவர். வண்டி சத்தீஸ்கரில் ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ நிற்கிறது. போன ஆடிக்கு வந்து போனவன், இந்த ஆடிக்கு வரவில்லை. வேலை ஓடிக்கொண்டே இருக்கிறது என்று சின்னண்ணன் விடவில்லை. மகள் யுவஸ்ரீக்கு நான்கு வயது நடக்கிறது. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பவர் போனுக்குள் குடியிருக்கிறவர். சார்ஜ் இறங்கி போன் அணைந்தால், "அம்மா, அப்பா ஆஃப் ஆயிட்டாரு," என்று வந்து நிற்பாள். சரிதா ஓடிப்போய்ச் சார்ஜரைச் செருகுவாள்.

சின்னண்ணன் வாயாலேயே சொல்லியிருந்தார். "இந்த டெண்டர் மட்டும் அமையட்டும் அம்மிணி, மூணாம் நம்பர் வண்டிய இங்க கொண்டாந்தர்றேன். உன்ற ஊட்டுக்காரன் உள்ளூர்லயே ஓட்டிக்கலாம்." அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் ரேட் போட்டு, தாளெல்லாம் ஸ்கேன் செய்து, புதன்கிழமை மாலையே எல்லாவற்றையும் ஏற்றி வைத்திருந்தாள். ஒரே ஒரு பட்டனை அமுக்க வேண்டியது பாக்கி. அதை ஓனர்தான் தன் கையால் அமுக்குவார். கம்பெனி வழக்கம் அது.

"மூலை செரியில்லாத பொட்டில இருந்து டெண்டர் அனுப்பறதா? வெளங்குமா? நாளைக்கு சபரிநாதன் வாராரு. பாத்து முடிச்சதும் அமுக்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

இந்தச் சபரிநாதனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் வரைக்கும் அவர் நீரோட்டம் பார்த்தவர். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு காடாக நடப்பார். தேங்காய் எழுந்து நிற்கிற இடத்தில் தண்ணீர் என்பது கணக்கு. தேங்காய் நன்றாகத்தான் எழுந்து நின்றது. தண்ணீர்தான் எழுந்து வரவில்லை. இரண்டு மூன்று ஊர்களில் அவரைக் கட்டி வைக்கக் கயிறு தேடினார்கள். அதற்குப் பிறகு வாஸ்துவுக்கு மாறினார். நல்ல முடிவு. போரில் தண்ணீர் வராவிட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாஸ்துவில் பலன் வராவிட்டால் வீட்டுக்காரர் ஜன்னலைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

வியாழக்கிழமை காலையில் அவர் வந்தார். பட்டு அங்கவஸ்திரம், ஐந்து விரலில் நான்கு மோதிரம், பையில் பழைய தேங்காய். கம்ப்யூட்டர் முன்னால் நின்று தேங்காயை உள்ளங்கையில் வைத்து மானிட்டர் ஓரமாகவே நகர்த்தினார். கன்னி மூலைக்கு வந்ததும் தேங்காய் ஆடியது. சின்னண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சரிதா பொறுக்கமாட்டாமல் கேட்டாள். "ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. நான் கெழக்க பாத்து உக்காந்திருக்கறேன். அப்படின்னா என்ற இடது கைப்பக்கம் வடக்குதானுங்களே? நீங்க அத மேக்குங்கறீங்களே?"

சபரிநாதன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது நில வாஸ்து அம்மிணி. இது திரை வாஸ்து. மேப்புல எப்படிப் பாக்கறோம்? மேல வடக்கு, வலது பக்கம் கெழக்கு. திரைல எது வந்தாலும் அதான் சட்டம். திரைக்குள்ள ஒரு உலகம் இருக்குதில்லீங்களா, அதுக்குத் தனித் திசை."

"கேட்டுக்க அம்மிணி, கேட்டுக்க. படிச்சாப் போதாது," என்றார் சின்னண்ணன்.

அவள் கேட்டுக்கொண்டாள். நன்றாகவே கேட்டுக்கொண்டாள்.

பிறகு வேலை ஆரம்பமானது. ஸ்டார்ட் பட்டன் நடுவிலிருந்து கிளம்பி கன்னி மூலைக்குப் போனது. அது சரிதா முன்பே சொன்ன அந்த இரண்டு அமுக்குதான். ஆனால் சபரிநாதன் சூடம் கொளுத்தச் சொல்லி, சூடம் அணைவதற்குள் அமுக்கச் சொன்னார். வெயிலை எடுத்தாயிற்று. குப்பைத் தொட்டி ஐகான் மேலே இடது பக்கம் வாயு மூலையில் இருந்தது, அது அங்கேயே இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. பேங்க் ஐகானை ஸ்டார்ட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார்கள். கணக்குப் போடுகிற ஐகான் பேங்கைத் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாதாம், அதை நான்கு தடவை அங்கும் இங்கும் இழுத்துக் கடைசியில் இருந்த இடத்துக்கே கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் தேங்காய் வந்து பார்த்துவிட்டுப் போனது.

மூன்று வண்டிக்கும் மூன்று ஐகான் உண்டு. தட்டினால் அந்த வண்டி எங்கே நிற்கிறது என்று மேப்பில் பச்சைப் புள்ளியாகக் காட்டும். மூன்றாம் நம்பர் ஐகானைச் சரிதா ஒரு நாளைக்கு எத்தனை தடவை தட்டுவாள் என்று சொன்னால் ஓனர் கரண்டு பில்லைப் பற்றிக் கவலைப்படுவார். சபரிநாதன் ஒன்றையும் இரண்டையும் நடுவில் விட்டுவிட்டு, மூன்றை வலது ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார். "அது வெளியூர்ல ஓடற வண்டி. தென்கெழக்கு அக்னி மூலையை ஒட்டி இருக்கட்டும். சூடா ஓடும்."

அப்போதுதான் அவர் கண்ணில் கடிகாரம் பட்டது. டாஸ்க்பாரின் வலது கோடியில் பாவம், அது பாட்டுக்கு மணி காட்டிக்கொண்டிருந்தது.

"ஐயையோ! அக்னி மூலைல காலத்த வெச்சிருக்கறீங்களே. காலம் எரிஞ்சு போயிருமே!"

"எடுத்துரு அம்மிணி, எடுத்துரு," என்று சின்னண்ணன் பதறினார். சரிதா செட்டிங்ஸுக்குள் போய்க் கடிகாரத்தை மறைத்தாள். அந்த ஆபீசில் மிச்சமிருந்த கடைசிக் கடிகாரமும் இப்படிப் போனது. கடைசியாக, இவ்வளவு அழகாக அமைந்த பட்டையில் வருகிறவர் போகிறவர் கண் பட்டுவிடும் என்று, டாஸ்க்பாரே கண்ணுக்குத் தெரியாமல் கீழே ஒளிந்துகொள்கிற மாதிரி செய்யச் சொன்னார். காலையிலிருந்து அடுக்கிய அடுக்கை யாரும் பார்க்க முடியாது. மானிட்டர் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழமும் இரண்டு பச்சைமிளகாயும் தொங்கின.

சரிதா தன் போனைப் பார்த்தாள். மணி ஒன்றரை ஆகிவிட்டிருந்தது.

"அண்ணா, இப்ப அமுக்கிரலாமுங்களா?"

சின்னண்ணன் தன் போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தார். "ராகு காலம் பொறந்திருச்சே சாமி! வேலை மும்முரத்துல கவனிக்கலியே. செரி, மூணு மணிக்கு முடியுது. மூணு அடிச்சதும் அமுக்கிர்றேன்."

"மூணு மணிக்கு சைட்டு மூடிருமுங்ணா."

"எந்த கவர்மெண்ட் ஆபீஸ்ல கரெக்டா நேரத்துக்கு மூடியிருக்கறாங்க, நீயே சொல்லு? அரை மணி, ஒரு மணி முன்னப் பின்ன இருக்கும்."

"அங்க ஆளு இல்லீங்ணா. கம்ப்யூட்டருங்க. மூணு ஆச்சுன்னா அதுவா மூடிக்கும்."

"கம்ப்யூட்டர அங்க வெச்சவன் மனுசன்தான? அவனுக்கு ராகு காலம் தெரியாதா? சும்மா நச்சு நச்சுன்னு பேசாத அம்மிணி. வாங்க சாமி, சாப்பிட்டு வந்தர்லாம், பள்ளிபாளையம் சிக்கன் நம்ம மெஸ்ஸுல இன்னிக்கு நல்லா இருக்கும்." வியாழக்கிழமையில் சிக்கன் சாப்பிடலாமா என்பதற்குச் சபரிநாதனிடம் சாஸ்திரம் ஏதும் இல்லை. இரண்டு பேரும் காரில் ஏறிப் போனார்கள்.

ஆபீசில் சரிதா மட்டும் இருந்தாள். அவளுக்குக் கோபத்தில் காது இரண்டும் சூடாகிவிட்டது. இத்தனை மாதம் ஒரு மனுஷன் கண்காணாத ஊரில் கல்மாவைத் தின்றுகொண்டு கிடக்கிறான். அவன் ஊருக்கு வருவதும் வராததும் இங்கே ஒரு தேங்காயும் ஒரு தட்டு சிக்கனும் தீர்மானிக்கிற விஷயமாகப் போயிற்று. அமுக்கினால் என்ன ஆகும்? தெரிந்தால் வேலை போகும். அவள் வேலை மட்டுமா, பூபதி வேலையும் சேர்ந்து போகும். அமுக்காவிட்டால்? அடுத்த ஆடிக்கும் யுவஸ்ரீயின் அப்பா போனுக்குள்தான் இருப்பார்.

மவுசைக் கீழே கொண்டுபோனாள். ஒளிந்திருந்த பட்டை மேலே எட்டிப் பார்த்தது. டெண்டருக்குக் கையெழுத்துப் போடுகிற ஓனருடைய டோக்கன், பென் டிரைவ் மாதிரி ஒன்று, எப்போதும் போலக் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. அதன் ரகசிய எண் அவளுக்குத்தான் தெரியும், ஓனருக்கே தெரியாது. "ராகுவே, நீயாவது என்னைய உட்றாதப்பா," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு, நல்ல உச்சி ராகு காலத்தில் அந்தப் பட்டனை அமுக்கினாள். டெண்டர் போய்ச் சேர்ந்தது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் இருவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார்கள். மறுபடியும் சூடம். சின்னண்ணன் கைகால் கழுவி, திருநீறு பூசி, நாற்காலியில் சம்மணம் போடப் பார்த்து முடியாமல், காலைத் தொங்கப்போட்டே உட்கார்ந்தார். போனில் மூன்று ஆனதும் சபரிநாதன் தலையாட்டினார்.

"எத அமுக்கோணும் அம்மிணி?"

"இதுங்ணா." அவள் காட்டியது, ஏற்கெனவே வந்துவிட்ட ரசீதை அச்சடிக்கிற பட்டன். சின்னண்ணன் கண்ணை மூடி, குலதெய்வத்தை வேண்டி, ஆள்காட்டி விரலால் ஓங்கி அமுக்கினார். பிரிண்டர் முனகிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது.

"போயிருச்சா?"

"போயிருச்சுங்ணா," என்றாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சின்னண்ணன் அந்தத் தாளில் இருந்த நேரத்தைப் பார்க்காமலேயே அதற்குக் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்குக் கீழே செருகினார். "பாத்தியா? மூணுக்கு மூடிரும்னு பயமுறுத்துனியே," என்று அவளை ஒரு இடி இடித்துவிட்டும் போனார்.

சில வாரம் கழித்து டெண்டர் கிடைத்தது. அன்றைக்கு அந்த ஆபீஸ் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! பட்டாசு என்ன, எல்லோருக்கும் ஜாங்கிரி என்ன, சபரிநாதனுக்கு ஆளுயர மாலை என்ன. கம்ப்யூட்டருக்கும் ஒரு மாலை போட்டார்கள். ரேட் போட்டுத் தாளெல்லாம் சேர்த்தவளுக்கு ஒரு ஜாங்கிரி கிடைத்தது, அதுவும் கொஞ்சம் உடைந்தது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஆரவாரம் அடங்கட்டும் என்று காத்திருந்து ஓனர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, மூணாம் நம்பர் வண்டிய எப்பங்ணா வரச் சொல்றீங்க? பாப்பா கேட்டுட்டே இருக்கறா."

சின்னண்ணன் சபரிநாதனைப் பார்த்தார். சபரிநாதன் மாலையைக் கழற்றாமலேயே பேசினார். "இப்ப எதையும் அசைக்க வேண்டாமுங்க. பட்டை அமைஞ்ச அமைப்புக்குத்தான் இந்த டெண்டர். மூணாம் நம்பர் அக்னி மூலையை ஒட்டி உக்காந்து சூடா ஓடுது. அந்த வண்டிய இடம் மாத்துனா மொத்த அமைப்பும் ஆட்டங்கண்டிரும். ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் இங்க ஓடட்டும். அது அங்கயே இருக்கட்டும்."

"அப்படியே பண்ணிர்லாமுங்க," என்று சின்னண்ணன் ஒரு நொடியில் முடித்துவிட்டார். "ஒரு ரெண்டு வருசம் போகட்டும் அம்மிணி. உன்ற ஊட்டுக்காரன் அங்க ராசா மாதிரிதான இருக்கறான்."

சரிதாவுக்கு அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உங்கள் பட்டையும் இல்லை, தேங்காயும் இல்லை, நான் ராகு காலத்தில் அமுக்கினேன், அதனால்தான் டெண்டர் வந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும்? ராகு காலத்தில் அனுப்பிய டெண்டர் என்று பரிகாரம் செய்வார்கள், அதற்கும் இந்தத் தேங்காய்தான் வரும். இவளையும் புருஷனையும் சேர்த்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவள் சொல்லவில்லை. கக்கூசைத் தாண்டி, பைப் அடுக்கின் இடுக்கில் நுழைந்து, ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். தான் அமுக்கிய பட்டனே தன் புருஷனை அங்கே கட்டிப்போட்டுவிட்டதே என்று நினைக்க நினைக்க அழுகை கூடியது. அழுது முடித்து முகம் கழுவும்போதுதான், திரைக்குள் ஒரு உலகம் இருக்கிறது, அதற்குத் தனித் திசை இருக்கிறது என்று அந்த ஆள் சொன்னது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் சின்னண்ணன் உள்ளே வந்தபோது திரையில் இந்தியா மேப் மட்டும் மேலிருந்து கீழாக ஒடுக்கமாகத் திறந்திருந்தது. டாஸ்க்பார் ஒழுக்கமாகக் கீழே ஒளிந்துகொண்டிருந்தது. மேப்பில் இடது பக்கக் கீழ் மூலையில் ஆபீசைக் காட்டுகிற வீட்டுப் படம். வலது பக்க மேல் மூலையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. மேப்பை இழுத்து, சுருக்கி, மறுபடியும் இழுத்து அந்தப் புள்ளியை அந்த மூலைக்குக் கொண்டுவரச் சரிதா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"என்னம்மிணி அது மேல மூலைல?"

"மூணாம் நம்பர் வண்டிங்ணா. சும்மா பாத்துட்டு இருந்தனுங்க." டீ டம்ளரைக் கழுவப் போகிறவள் போல எழுந்தாள். "அண்ணா, ஒரு சந்தேகமுங்க. மேல வடக்கு, வலது பக்கம் கெழக்குன்னாரே சாமி. வடகெழக்குக்கு என்னமோ பேரு சொல்லுவாங்களே, அது என்னங்ணா?"

"ஈசானியம்."

"அங்க பாரம் வெக்கலாமுங்களா?"

"அதெப்படி? தண்ணி வர்ற மூலையல்லோ அது! அங்க ஒரு செருப்பக் கூட உடக் கூடாது. ஈசானியத்துல பாரம் வெச்சா..." சின்னண்ணனின் வாய் திறந்தபடியே நின்றது. பச்சைப் புள்ளியைப் பார்த்தார். வீட்டுப் படத்தைப் பார்த்தார். மறுபடியும் புள்ளியைப் பார்த்தார்.

"நம்ம வண்டிலயே அதுதானுங்ணா பெரிய வெயிட்டு?" என்றாள் சரிதா.

சின்னண்ணன் போனை எடுத்துச் சபரிநாதனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார். "சாமி, ஈசானியத்துல ரிக் வண்டி நிக்குது! திரைல நிக்குது!"

திரைச் சட்டத்தைப் போட்ட ஆள் அதை எப்படி மீறுவார்? "நான் அன்னிக்குப் பட்டையத்தானுங்க பாத்தேன்..." என்று இழுத்தார்.

"திரைல எது வந்தாலும் அதான் சட்டம்னு சொன்னீங்களேங்க," என்று சரிதா டம்ளருடன் நின்றபடியே பணிவாக எடுத்துக் கொடுத்தாள். "நமக்குப் பாரம் வெக்கற மூலைன்னா கன்னி மூலைதானுங்களே? மேப்புல நம்மூருதான் அங்க இருக்குதுங்க."

சபரிநாதனுக்கு ஏணி கிடைத்துவிட்டது. "அதத்தான் சொல்ல வந்தேன்! அக்னி மூலை ஐகான் அப்படியே இருக்கட்டும். வண்டிய மட்டும் ஒடனே கன்னி மூலைக்குக் கொண்டாந்திருங்க. ஒரு நாள் தாமதிச்சாலும் எனக்குச் சம்பந்தமில்ல."

சின்னண்ணன் அடுத்த நொடி பூபதியைக் கூப்பிட்டார். "பூபதி, இப்ப போடற போரோட நிறுத்து. வண்டியத் திருப்பு. காரணமெல்லாம் கேக்காத. டேய், நீ எங்க நிக்கறீன்னு உனக்குத் தெரியுமாடா? ஈசானியத்துல நிக்கறே! தெரிஞ்சு நிக்கறயா, தெரியாம நிக்கறயா?"

கொஞ்ச நேரத்தில் சரிதாவின் போன் அடித்தது. அவள் பைப் அடுக்கின் ஓரம் ஒதுங்கிப் பேசினாள்.

"ஏன் சரிதா, ஓனருக்கு என்ன ஆச்சு? நான் ஈசானியத்துல நிக்கறனாம், வையறாரு. நான் ஒரு சோளக்காட்டுல நிக்கறேன். வண்டியக் கெளப்பிட்டு ஊருக்கு வாங்கறாரு. நெசமாலுமே வரட்டுமா?"

"நெசமாலுந்தான் மாமா. கெளம்பி வாங்க. அவுரு மனசு மாறறதுக்குள்ள கெளம்புங்க."

"நீ என்ன பண்ணுனே?"

"மேப்பச் சுருக்குனேன் மாமா," என்றாள். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாள். "அழுகறயா?" என்று அவன் கேட்டதற்கு, "பாப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். மேப்பில் பச்சைப் புள்ளி இன்னும் அசையவில்லை. அசைந்து, மூன்று மாநிலம் தாண்டி, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வர வேண்டும். மவுசைக் கீழே கொண்டுபோய்ப் பட்டையை எழுப்பி, செட்டிங்ஸுக்குள் போய், அன்றைக்கு மறைத்த கடிகாரத்தைத் திரும்ப எடுத்து வைத்தாள். வலது கோடியில் மணி தெரிந்தது.

சின்னண்ணன் பின்னாலிருந்து பார்த்துவிட்டார். "அம்மிணி, அது அக்னி மூலை. அங்க வெச்சா காலம் எரிஞ்சு போயிரும்னு சாமி சொன்னாரல்லோ?"

"எரியட்டுங்ணா," என்றாள் சரிதா, திரும்பிப் பார்க்காமலேயே. "வண்டி வந்து சேர்ற வரைக்கும் நல்லா எரியட்டும்."